உவர்நிலத்தில் ஒரு நன்னீர்க் காடு

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு என்று காரைக்கால் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர்கள் பலவற்றின் பெயர் 'மேடு' என்றே முடிவதைக் கேட்டிருப்பீர்கள். அலையும் காற்றும் சேர்ந்து குவித்த மணல் மேட்டின்மீது நம் முன்னோர் குடியேறினர். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டை நாடினர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. பள்ளத்தில் தோண்டினால் உப்புநீர் வரும். மேட்டில் தோண்டினால் குடிநீர் வரும். கடலுக்குச் சில நூறு அடித் தொலைவிலே, மணலில் ஆள் உயரம் தோண்டி, இனிய நீரை மொண்டு குடித்தவர்கள் நம் பாட்டன்மார். இன்று குழாய்நீர் வீட்டுக்கு வருவதால் இச்செய்தி மறந்துபோயிற்று. ஆயினும், இதனை நினைவிற் கொண்டாலன்றி நாம் இன்று பேசப்புகும் காட்டின் வரலாறு விளங்காது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் 'கஜா' என்னும் பெரும்புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதனை அடுத்துக் காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின. காரைக்கால் வட்டாரத்தில் மான் வாழும் காடு எதுவும் இல்லை. அவை தெற்கே கோடிக்கரையிலிருந்து புயலால் கடலுக்குள் இழுக்கப்பட்டு, நீரோட்டத்தால் வடக்கே கொண்டுவரப்பட்டவை. கடலைத் தவிர வேறு விலங்கு வாழ்க்கையை அறியாத நம் கரைக்கு அக்காடு அனுப்பிய துயரச் செய்தி அது. அம்மான்கள் எங்கே வாழ்ந்தன? கடலோரத்து உப்பு மணலில் அவை எவ்வாறு நூற்றாண்டுகளாகப் பிழைத்திருந்தன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

தமிழகத்தின் நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். சோழநாட்டுக் கரை வடக்கிலிருந்து நேரே தெற்கு நோக்கி வந்து, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அம்முனையே கோடிக்கரை. 'கோடி' என்ற சொல்லுக்கு முனை, கடைசி என்பது பொருள். கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. அங்கிருந்து இலங்கையின் வடகரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவே. முனையில் ஒரு சிறு காடு. அதன் மேற்கே கடல்நீரும் மழைநீரும் கலந்து தேங்கும் பெரிய சதுப்புநிலம். காட்டில் மிக உயர்ந்த இடம் எனப்படுவது 'இராமர் பாதம்' என்னும் மணல்மேடு. அதுவும் கடல் மட்டத்துக்குமேல் சில மீட்டர் உயரமே. காட்டின் உட்பரப்போ இருபத்தைந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இத்துணைச் சிறிய இடத்தில் வெளிமான், புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு, முயல், மனிதரிடமிருந்து பிரிந்து காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிய மட்டக்குதிரை ஆகியவை வாழ்கின்றன. பாலை மரமும் உகாயும் நாவலும் மூலிகைச் செடிகள் பலவும் செறிந்துள்ளன.

இவ்வுயிர்களுக்கெல்லாம் குடிநீர் எங்கிருந்து வருகிறது? காட்டில் ஆறில்லை. காவிரியின் கிளைகள் எட்டாத தென்கோடி அது. மலையில்லை, ஆகவே அருவியுமில்லை. அங்குள்ள நீர் முழுவதும் மழைநீரே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றுத் தரும் மழையைக் கொண்டே காடு ஆண்டு முழுவதும் வாழவேண்டும்.

மழைநீர் நிலத்துள் புகுந்தபின் எவ்வாறெல்லாம் மீண்டு வருகிறது என்பது வியப்புக்குரிய செய்தி. நீரிணைக்கு அப்பால், திருகோணமலைக்கு அருகே கன்னியா என்னும் ஊரில் வெந்நீரூற்றுகள் உள்ளன. அடுத்தடுத்து அமைந்த ஏழு சிறு கிணறுகளில் சூடான நீர் ஊறுகிறது. ஒரு கிணற்றின் சூடு அடுத்த கிணற்றின் சூட்டைப் போல் இராது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவ்வூற்றுகளைத் தோற்றுவித்தான் என்பது மக்கள் வழங்கும் கதை. இலங்கையில் எரிமலை கிடையாது. பின்னர் அச்சூடு எங்கிருந்து வந்தது? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழம் இறங்கினால் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை உயர்கிறது. பழம்பாறையின் வெடிப்புகள் வழியே மழைநீர் வெகு ஆழம் இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. அதுவே வெந்நீரூற்று.

கோடிக்கரையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே மேலே இருப்பது வெடித்த பாறையன்று, மணல். மழைநீர் மணலில் இறங்கியதும் சிறிது ஆழத்திலேயே கடலின் உப்புநீரைச் சந்திக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உப்புநீர் எடை மிகுந்தது. ஆகவே, எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல, நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மணற்பருக்கைகளின் இடுக்கில் இரண்டும் எளிதில் கலந்துவிடுவதில்லை. மேட்டின் நடுவே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு பூதக்கண்ணாடியின் வடிவில் அந்நன்னீர்ப் படலம் அமைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டுப் பொறியியலார் பாடன் கைபன் என்பவரும், 1901-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்குமேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. நாற்பது அடி கிடைக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், அதன் மறுபக்கத்தையும் எண்ணவேண்டும். மேலே ஓர் அடி நன்னீரை இழந்தால் காலப்போக்கில் கீழே நாற்பது அடியை உப்பு கவர்ந்துகொள்ளும். காரைக்கால்மேட்டில் பாட்டன்மார் தோண்டிய ஊற்றும், கோடிக்கரைக் காட்டின் வேர்கள் உறிஞ்சும் ஊற்றும் இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை. வெந்நீரூற்றின் கருவூலம் பாறையின் ஆழத்தில் பாதுகாப்பாக உள்ளது. நம்முடைய ஊற்றோ கைக்கெட்டும் ஆழத்தில், கடலின் கைக்கும் எட்டும் இடத்தில் உள்ளது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க நிலநூல் ஆசிரியர் தாலமி, இக்கரையில் 'கள்ளிகிக்கோன்' என்றொரு முனையைக் குறித்துள்ளார். அது கோடிக்கரையே என்பது அறிஞர் சிலர் கருத்து. கோடிக்கரைக்கு அருகிலுள்ள வேதாரணியத்தின் பழம்பெயர் திருமறைக்காடு. வேதங்கள் வழிபட்ட காடு என்று தலபுராணம் பொருள் கூறும். 'மரை' என்பது மானினத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். எனவே, மரைகள் திரிந்த 'மரைக்காடு' என்பதே மறைக்காடாகிப் பின்னர் வேதாரணியம் என மொழிபெயர்க்கப்பட்டது என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலரின் கொள்கை. எது உண்மையாயினும், இரு விளக்கத்திலும் காடு இருக்கிறது. ஊர் தோன்றுமுன் அங்கே நின்றது காடே.

கோடிக்கரைக்கெனவே நமக்குக் கிடைத்த அரிய சான்று சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரப் பதிகமாகும். சேரமான் பெருமாளுடன் அங்கு வந்த சுந்தரர், கோடிக்குழகர் கோயிலில் இறைவனைக் கண்டு வருந்திப் பாடினார் என்று பெரியபுராணம் உரைக்கிறது. கடற்காற்று வந்து மோதும் இக்கரையில், அக்கம்பக்கம் குடியொன்றும் இல்லாமல், ஆந்தையும் கூகையும் அலறும் காட்டில், துணையின்றி ஏன் இருக்கிறீர் என்பது அவர் கேள்வியின் சாரம். பக்திப் பாடலாக அதனைப் படிப்பவர் உள்ளம் உருகும். வரலாற்று மாணவர் அதனை வேறொரு கண்ணாலும் காணலாம். சோழநாடு முழுவதும் நெல்வயலும் நீர்க்கால்களும் பெருகியிருந்த காலத்தில், அந்நாட்டின் ஒரு மூலையில் மட்டும் குடியிருப்பற்ற காடு நின்றது என்பதற்கு நேரில் கண்டவர் ஒருவரின் வாக்குமூலம் அது. ஏன் குடியேறவில்லை? மணலில் மிதக்கும் நன்னீர் மானுக்கும் மரத்துக்கும் போதும். கிணறு வெட்டி வயல் பாய்ச்சப் போதாது. நீரின் வறுமையே அக்காட்டுக்கு வேலியாயிற்று என்று கருதுவதில் தவறில்லை.

ஆயினும் கடலோடிகளுக்கு அம்முனை இன்றியமையாதது. அங்கே செங்கல்லாற் கட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் ஒன்றின் சிதைவு நெடுங்காலம் நின்றது. அதனைச் சோழர் காலத்தது என்று மக்கள் வழங்கினர். 1950-ஆம் ஆண்டு தொடங்கிக் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்தில் கோடிக்கரையின் விளக்கும் காடும் புதைசேறும் இடம்பெற்றதால், அக்கரையை நேரில் காணாத தமிழரும் அதனை அறிந்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அச்சிதைவும் பெரிதும் அழிந்தது. அதே அலை காரைக்கால்மேட்டில் கொண்டுபோன உயிர்களை நம் ஊரார் இன்றும் ஆண்டுதோறும் நினைந்து அழுகின்றனர்.

கோடிக்கரையின் மறுபாதி வரலாறு உப்பின் வரலாறு. சதுப்புநிலத்தில் மழைக்குப்பின் வெயில் ஏறும்போது, பாத்தி கட்டி உப்பு விளைவிப்பது அங்கே நெடுநாளைய தொழில். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து புறப்பட்டு, 28-ஆம் நாள் வேதாரணியம் அடைந்தனர். 30-ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறினர். வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்குத் துணைநின்று சிறையும் இழப்பும் ஏற்றார். அக்கரையில் காற்றும் வெயிலும் தாமே உப்பைத் தருவதால்தான் அவ்விடம் போராட்டத்துக்குத் தெரிந்தெடுக்கத் தக்கதாயிற்று. விடுதலை வரலாற்றின் ஒரு புகழ்பெற்ற பக்கமும் இக்காட்டின் அண்டை நிலத்திலேயே எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

உப்புநிலம் உயிரற்ற நிலம் என்று எண்ணிவிடலாகாது. மழைநீர் சதுப்பில் தேங்கி உவர்ப்பு மிதமாக இருக்கும் மாதங்களில், சிறு இறால்களும் புழுக்களும் நுண்பாசிகளும் அங்கே பெருகுகின்றன. அவற்றை உண்ணப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. வடதுருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளியில் குஞ்சு பொரிக்கும் சிறு உள்ளான்களும் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து குளிர்காலத்தில் இங்கே வருகின்றன. பறவைநூல் அறிஞர் சாலிம் அலி இவ்விடத்தின் அருமையை நாட்டுக்கு எடுத்துரைத்தார். 1960களின் இறுதி தொடங்கி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு, அவற்றின் வழியை ஆராய்ந்தனர். ஓர் அங்குல அலுமினிய வளையம்கூட இல்லாத அச்சிறு பொருளைக் கொண்டு கண்டங்களுக்கிடையே உள்ள தொடர்பு அறியப்பட்டது.

மான் நன்னீரை நம்புகிறது. பூநாரை மிதமான உவர்நீரை நம்புகிறது. இரண்டுக்கும் மூலம் மழையே. மழை குறைந்தாலும், சதுப்பில் மிகுதியான உப்புநீர் ஏற்றித் தேக்கப்பட்டாலும், பறவைகளின் உணவு குன்றுகிறது. உப்பளங்கள் விரிந்த பிற்காலத்தில் பறவைகளின் வருகை குறைந்துள்ளது என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். உப்புத் தொழிலை நம்பி வாழும் உழைப்பாளர் குடும்பங்களும் அங்கே பலவாகையால், இது எளிதில் தீரும் வழக்கன்று.

1967-ஆம் ஆண்டு, தமிழ்நாடு 'சென்னை மாநிலம்' என வழங்கிய நாளில், கோடிக்கரைக் காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வெளிமானைக் காப்பதே அதன் முதல் நோக்கம். பழந்தமிழ் இலக்கியத்தில் 'இரலை' என வரும் மான் இதுவே. முறுக்கிய கொம்பும் கருமை படர்ந்த மேனியும் கொண்ட ஆண்மான், புல்வெளியில் துள்ளியோடும் காட்சி மறக்கவொண்ணாதது. ஒருகாலத்தில் இந்தியச் சமவெளியெங்கும் நிறைந்திருந்த இம்மான், வேட்டையாலும் புல்வெளிகள் வயல்களானமையாலும் அருகிப்போயிற்று. தமிழகத்தில் அது மிகுதியாக எஞ்சிய இடங்களுள் கோடிக்கரை தலையாயது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த காவலை அளித்தது. பின்னர், 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், காட்டையும் சதுப்பையும் உள்ளடக்கிய 385 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் இடம்பெற்றது இதுவே.

சட்டம் வேட்டைக்காரனைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது. இன்று அக்காட்டை வருத்தும் இடர்கள் துப்பாக்கியால் வருவன அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேல் புல்வெளிகளில் படர்ந்து, மானின் மேய்ச்சலைச் சுருக்குகிறது. மட்டக்குதிரைகளும் அதே புல்லை மேய்கின்றன. கோடையில் குட்டைகள் வற்றும்போது, வனத்துறையினர் தொட்டிகளில் நீர் நிரப்பி விலங்குகளுக்கு வைக்கின்றனர். கஜா புயலின்போது பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன. கடல் பொங்கி அக்கரையில் சேற்றைக் கொண்டுவந்து குவித்தது. கடல்நீர் ஏறிய மணலில் மிதக்கும் நன்னீர்ப் படலம் மீண்டும் தெளிவதற்கு ஒரு மழைக்காலம் போதாது. உப்பைக் கழுவிக் கீழிறக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். ஓரிரவில் இறந்த விலங்குகளை நாம் எண்ணிவிட்டோம். கெட்டுப்போன நீரை யாரும் எண்ணுவதில்லை.

கோடிக்கரையில் ஆடி, தை அமாவாசைகளில் நீராடக் காரைக்காலிலிருந்தும் குடும்பங்கள் செல்வது வழக்கம். அடுத்தமுறை செல்லும் மாணவர்கள், நீராடியபின் சிறிது நேரம் அக்காட்டின் ஓரத்தில் நின்று பார்க்கட்டும். காலடியில் உள்ள மணலுக்குள் சென்ற கார்த்திகையின் மழை இருக்கிறது. அதற்குக் கீழே கடல் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் இடையேதான் மானும் பாலைமரமும் வாழ்கின்றன.

நம் ஊர்நிலையும் இதனின் வேறன்று. காரைக்காலின் மேடுகளிலும் அதே மணல், அதே மழை, அதே கடல். ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை விரைந்து இறைக்கும்போதும், மணல்மேடுகள் வெட்டி அகற்றப்படும்போதும், ஓர் அடிக்கு நாற்பது அடி என்னும் அக்கணக்கு இங்கும் தன் வேலையைச் செய்கிறது. மேட்டைக் காத்தவர்கள் நீரைக் காத்தார்கள் என்பது நம் ஊர்ப்பெயர்களிலேயே எழுதப்பட்டுள்ள வரலாறு. மணலையும் மழைநீரையும் காத்தால் காடும் ஊரும் பிழைக்கும். அக்காவலில் ஒரு பங்கு, இப்பேச்சைப் படிக்கும் மாணவர்களாகிய உங்களுக்கும் உரியது.